பல்லும் சொல்லும் – 9: தண்ணீர் போட்ட கறை

சென்ற வாரம் சொத்தைப் பல்லைப் பற்றி எழுதும்போது, ஃபுளோரைடு உள்ள பற்பசையால் துலக்குங்கள் என்று சொல்லியிருந்தேன். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து வாசகர்கள் அதைப் படித்துச் சிரித்திருந்தால் நியாயம்தான். அந்த மாவட்டங்களின் பல ஊர்களில் ஃபுளோரைடைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. பாறையில் ஊறி, போர் தண்ணீரில் கலந்து, குடத்தில் தானாகவே வீடு வந்து சேர்ந்தது. வந்ததோடு நில்லாமல் பிள்ளைகளின் முன்பற்களில் காவிக் கறையையும் போட்டுவிட்டது. பல்லைக் காப்பதும் கெடுப்பதும் ஒரே பொருளாக இருக்க முடியுமா? முடியும். இந்த வாரம் அந்தக் கதை.

இந்தக் கறையோடு பல் மருத்துவரிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் இருபது வயதை ஒட்டியவர்கள். வலி இருக்காது, பல் கூச்சமும் இருக்காது. வீட்டில் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருக்கும், அல்லது வேலைக்கு நேர்காணல் வந்திருக்கும். கையால் வாயை மறைத்தபடியே பேசுவார்கள். “கிளீன் பண்ணி விட்ருங்க டாக்டர். தினமும் ரெண்டு வேளை வெளக்குறேன், அப்படியும் போகமாட்டேங்குது” என்பார்கள். சிலர் ஏற்கெனவே வேறெங்காவது கிளீனிங் செய்து பணத்தை விட்டிருப்பார்கள். ஸ்கேலிங் கருவி பல்லின்மேல் இறுகிய காரையை எடுக்கும். வெற்றிலை, புகையிலைக் கறையை எடுக்கும். இந்தக் கறை மேலே ஒட்டியதல்ல, எனாமலுக்குள்ளேயே இருப்பது. சுரண்டினால் வராது. கரித்தூளும் செங்கல் பொடியும் வைத்துத் தேய்த்தவர்களுக்கு எனாமல் தேய்ந்ததுதான் மிச்சம்.

இப்படி ஒருவர் வந்து உட்கார்ந்தால், கருவியைக் கையில் எடுக்கும் முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. “எந்த ஊர்ல வளர்ந்தீங்க? அஞ்சாறு வயசு வரைக்கும் என்ன தண்ணி குடிச்சீங்க?” இப்போது அவர் சென்னையில் இருக்கிறாரா, திருப்பூரில் இருக்கிறாரா என்பது இங்கே முக்கியமில்லை.

காரணம், நிரந்தரப் பற்கள் உருவாகிற விதம். மேல் முன்பற்கள் ஈறை விட்டு வெளியே வருவது ஏழெட்டு வயதில்தான். ஆனால் தாடைக்குள் அவற்றின் எனாமல் படியத் தொடங்குவது பிறந்த சில மாதங்களிலேயே. எனாமலைக் கட்டும் செல்கள் முதலில் புரதத்தால் ஓர் அச்சைப் போடுகின்றன. பிறகு அந்தப் புரதம் மெல்ல மெல்ல வெளியேற, அந்த இடத்தைத் தாது உப்புகள் நிரப்புகின்றன. அந்தக் காலத்தில் உடம்பில் ஃபுளோரைடு மிகுந்தால் புரதம் சரியாக வெளியேறுவதில்லை. மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே நுண்ணிய துளைகள் தங்கிவிடுகின்றன. இறுகுவதற்குள் மழை பிடித்துக்கொண்ட சிமெண்ட் பூச்சு மாதிரி, பார்வைக்குச் சுவர்தான், உள்ளே பொருபொருவென்று இருக்கும். பல் முளைக்கும்போது சுண்ணாம்பு வெள்ளையில் திட்டுத்திட்டாக இருக்கும். காவி நிறம் அதற்குப் பிறகு வருவது. துளைகள் வழியே சாயம் இறங்கி, ஆண்டுகள் போகப் போகப் பழுப்பேறும்.

எட்டு வயதுக்குள் ஞானப்பல் தவிர மற்றப் பற்களின் எனாமல் வேலை முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அதே கிணற்றில் எத்தனை ஆண்டு குடித்தாலும் பல்லில் கறை வராது. ஒரே வீட்டில் ஊரில் வளர்ந்த அக்காவுக்குக் காவிப் பல்லும், குடும்பம் நகரத்துக்குப் பெயர்ந்தபின் பிறந்த தம்பிக்கு வெள்ளைப் பல்லும் இருப்பது இதனால்தான். அக்கா ஒழுங்காகப் பல் துலக்காதவள் என்ற பேச்சை மட்டும் காலம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு மனிதருக்கு முப்பது ஆண்டுகள் ஆயின. 1901இல் ஃபிரெடரிக் மெக்கே என்ற இளம் பல் மருத்துவர் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊருக்குத் தொழில் நடத்த வந்தார். அங்கே பிறந்து வளர்ந்தவர்களின் பற்களில் சாக்லேட் நிறக் கறை. கல்லூரியில் படித்த எந்தப் புத்தகத்திலும் அது இல்லை. பன்றிக்கறி அதிகம் தின்பதால், பால் மட்டமானதால் என்று உள்ளூர்க்காரர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். மற்ற மருத்துவர்கள் அதைப் பொருட்படுத்தவே இல்லை. மெக்கே விடவில்லை. அன்றைக்குப் பல் மருத்துவ உலகத்தில் பெரிய பெயரான ஜி.வி. பிளாக்கை 1909இல் ஊருக்கே வரவழைத்தார். உள்ளூரில் பிறந்த குழந்தைகளில் பத்துக்கு ஒன்பது பேருக்குக் கிட்டத்தட்ட இந்தக் கறை இருந்ததைப் பார்த்துப் பிளாக்குக்கே அதிர்ச்சி. 1915இல் தாம் இறக்கும்வரை மெக்கேயோடு சேர்ந்து இதை ஆராய்ந்தார். இருவரும் இரண்டு விஷயங்களைக் கண்டார்கள். பல் உருவாகும் காலத்தில்தான் கறை விழுகிறது. இரண்டாவது, யாரும் எதிர்பாராதது: கறை படிந்த அந்தப் பற்களில் சொத்தை விழுவது அரிது.

தண்ணீர்தான் காரணம் என்ற சந்தேகம் மெக்கேக்கு இருந்தது. ஆனால் தண்ணீரைச் சோதித்தால் எதுவும் அகப்படவில்லை. 1923இல் ஐடஹோ மாநிலத்தின் ஓக்லி என்ற சிற்றூர்ப் பெற்றோர் அவரை அழைத்தார்கள். தூரத்து வெந்நீர் ஊற்றிலிருந்து ஊருக்குக் குழாய் போட்ட பிறகுதான் பிள்ளைகளுக்குக் கறை வருகிறது என்றார்கள். மெக்கே அந்தத் தண்ணீரிலும் சந்தேகப்படும்படி எதையும் காணவில்லை. ஆனாலும் குழாயைக் கைவிட்டு வேறு ஊற்றுக்கு மாறுங்கள் என்று சொன்னார். ஊர் கேட்டது. சில ஆண்டுகளில் சிறு பிள்ளைகளுக்குக் கறையில்லாத பற்கள் முளைத்தன. நோயின் காரணம் இன்னதென்று தெரியாமலே மருந்து சொன்ன கதை இது. எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த இடமும் இதுதான். ஊர்ப் பெற்றோர் பார்த்துச் சொன்னதை நம்பிய மருத்துவர் அவர்.

கடைசி முடிச்சை அவிழ்த்தது மருத்துவம் அல்ல, வியாபாரப் பயம். ஆர்கன்சா மாநிலத்தில் பாக்ஸைட் என்று ஓர் ஊர். அன்றைக்கு அல்கோவா அலுமினிய நிறுவனத்துக்குச் சொந்தமாக இருந்தது. அங்கேயும் பிள்ளைகளுக்குக் கறை. பழி அலுமினியப் பாத்திரங்களின் மேல் விழுந்துவிடுமோ என்று நிறுவனத்தின் தலைமை வேதியியலாளர் ஹெச்.வி. சர்ச்சில் கவலைப்பட்டு, அந்த ஊர்த் தண்ணீரை நிறமாலைச் சோதனைக்கு அனுப்பினார். 1931இல் விடை வந்தது: ஃபுளோரைடு. அதுவும் ஒரு லிட்டரில் ஏறக்குறைய 13.7 மில்லிகிராம். மெக்கே தாம் போய்ப் பார்த்த ஊர்களின் தண்ணீர் மாதிரிகளை அனுப்பிவைக்க, எல்லாவற்றிலும் அதுவே அகப்பட்டது.

அதன்பின் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையின் டிரெண்ட்லி டீன் ஊர் ஊராக அலைந்து அளந்தார். லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் அளவில் பார்க்கக்கூடிய கறை பெரும்பாலோருக்கு வருவதில்லை. சொத்தையோ நன்றாகக் குறைகிறது. இதை நம்பித்தான் 1945இல் கிராண்ட் ராபிட்ஸ் நகரம் குடிநீரில் வேண்டுமென்றே ஃபுளோரைடு சேர்த்தது. உலகத்திலேயே அதுதான் முதல் முறை. உங்கள் குளியலறையில் இருக்கும் பற்பசைக் குழாயின் பூர்வீகம் கொலராடோவின் காவிப் பல்லில்தான் இருக்கிறது.

நம் பக்கத்துக் கதை இன்னும் கடுமையானது. 1937இல், சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி என்ற மூவர் ஆய்வு செய்து இந்தியன் மெடிக்கல் கெஸட்டில் எழுதினார்கள். பண்டிட் பின்னாளில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் இயக்குநரானவர். அங்கே கறை பல்லோடு நிற்கவில்லை. பல ஆண்டுகள் அந்தத் தண்ணீரையே குடித்த பெரியவர்களுக்கு எலும்புகளில் ஃபுளோரைடு சேர்ந்து, முதுகெலும்பு இறுகி, குனியவும் திரும்பவும் முடியாமல் போயிருந்தது. பல்லுக்கு எட்டு வயதோடு ஆபத்து முடிந்துவிடும். எலும்புக்கு அப்படி ஒரு கெடு கிடையாது. அதனால் ஒரு பிள்ளையின் பல்லில் இந்தக் கறையைப் பார்க்கிற பல் மருத்துவர், அந்த வீட்டுத் தாத்தாவின் முதுகைப் பற்றியும் ஒரு வார்த்தை விசாரிக்க வேண்டும்.

தருமபுரி வட்டாரத்தின் அடித்தளம் கிரானைட், நைஸ் வகைப் பாறைகள். அவற்றிலுள்ள சில தாதுக்களில் ஃபுளோரைடு இருக்கிறது. மழைநீரும் ஏரி நீரும் கசியும் மேல் கிணறுகளில் பொதுவாக அது குறைவு. மழை குறைந்து, கிணறு வற்றி, நூற்றுக்கணக்கான அடி ஆழத்துக்குத் துளை போடும்போது, பாறையோடு நெடுங்காலம் உறவாடிய நீர் மேலே வருகிறது. வறண்ட ஊர், வெயில் அதிகம், அதனால் குடிக்கும் தண்ணீரும் அதிகம். இந்த மூன்றும் சேர்ந்த ஊர்களுக்காகத்தான் காவிரியிலிருந்து நீர் கொண்டுவரும் ஒகேனக்கல் திட்டம் வந்தது. ஜப்பானியக் கடனுதவியோடு கட்டி 2013இல் தொடங்கிவைத்த அந்தத் திட்டத்தின் முழுப் பெயரிலேயே ஃபுளோரைடு பாதிப்பைத் தணிப்பது என்ற நோக்கமும் இருக்கிறது. பல்லின் பெயரால் இத்தனை நீளத்துக்குக் குழாய் போட்ட இடம் தமிழ்நாட்டில் வேறு உண்டா என்று எனக்கு யோசனை வரும். ஆனால் ஆற்றுத் தண்ணீர் குறைகிற நாளில் அதே மேல்நிலைத் தொட்டியில் போர் தண்ணீரைக் கலந்து விட்டால், குழாய் போட்டதன் பலன் பாதி போய்விடும்.

இனி மருத்துவர் என்ன செய்கிறார் என்று பார்ப்போம். முதலில், இது ஃபுளோரைடுக் கறைதானா என்று உறுதி செய்வது. இதற்கு எக்ஸ்ரேயைவிடக் கண்தான் உதவும். பல்லைத் துடைத்து, காற்றால் உலர்த்தி, நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். ஃபுளோரைடுக் கறை இடமும் வலமும் ஒரே மாதிரி ஜோடியாக விழும். மெல்லிய வெள்ளைக் கோடுகள் பல்லின் குறுக்கே ஓடும். ஒற்றைப் பல்லில் மட்டும் கறை என்றால், அந்த இடத்துப் பால் பல்லில் சீழ் பிடித்திருக்கலாம், குழந்தை கீழே விழுந்து அடிபட்டிருக்கலாம். ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு வெள்ளை வட்டம் என்றால் அது சொத்தையின் தொடக்கம். சாம்பலும் மஞ்சளுமாகப் பட்டை பட்டையாக இருந்தால் சிறு வயதில் டெட்ராசைக்ளின் மருந்து சாப்பிட்டதா என்று கேட்க வேண்டும்.

சிகிச்சை கறையின் ஆழத்தைப் பொறுத்தது. லேசான வெள்ளைத் திட்டுக்கு எதுவும் செய்ய வேண்டியதில்லை என்பதே என் கட்சி. பழுப்புக் கறை மேலோட்டமாக இருந்தால், ஈறை ரப்பர் விரிப்பால் மறைத்துக்கொண்டு, அமிலம் கலந்த பியூமிஸ் பசையால் மேற்பரப்பை முடியளவு தேய்த்து எடுப்பார்கள். அதோடு பிளீச்சிங்கும் சேர்த்தால் நிறம் நன்றாகச் சமனாகும். ஆழமாக இறங்கிய கறைக்கு முன்பக்கத்தில் கம்போசிட் பூச்சோ வெனீரோ வைத்து மறைப்பார்கள். குழி விழுந்து, ஓரம் உதிர்கிற பல்லுக்கு மட்டும்தான் கேப். பதினெட்டு வயதுப் பெண்ணுக்குக் கல்யாண அவசரத்தில் ஆறு முன்பற்களையும் சுற்றிலும் அரைத்துக் கேப் போடுவதை நான் ஒப்புவதில்லை. அரைத்த எனாமல் திரும்ப வராது. அந்தக் கேப்பை ஆயுளில் சில முறையாவது மாற்ற வேண்டியிருக்கும். திருவிழாக் கடையில் பஞ்சில் திரவம் தொட்டு ஒரே நிமிடத்தில் வெள்ளையாக்குகிறவர்களிடம் போகவே வேண்டாம். அவர்கள் தொடுவது அமிலம்.

மறைக்கலாம், மங்கச் செய்யலாம். அவ்வளவுதான் பல் மருத்துவர் கையில் இருக்கிறது. தடுப்பது அடுப்படியில் நடக்க வேண்டிய காரியம். இந்திய தர நிர்ணயப்படி குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது; வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை. தண்ணீரைக் காய்ச்சினால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. நீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடும். மெழுகுவர்த்திக் குழல் வைத்த சாதாரண ஃபில்டரும் இதைப் பிடிக்காது. ஆர்.ஓ. கருவி பிடிக்கும். தெலங்கானாவின் நல்கொண்டாவின் பெயரால் அறியப்படும் முறையில் சுண்ணாம்பும் படிகாரமும் சேர்த்துக் கலக்கி, தெளியவைத்து இறுத்தெடுப்பார்கள். ஊர்த் தொட்டிக்கு அது ஏற்றது, அளவு தெரிந்தவர் செய்ய வேண்டும். சுத்தமாகப் பிடித்த மழைநீரில் ஃபுளோரைடு மிகக் குறைவு. வீட்டில் எல்லோருக்கும் நல்ல தண்ணீர் கட்டுப்படியாகாது என்றால், எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு முதலில் ஒதுக்குங்கள். பால் பவுடர் கரைக்கும் தண்ணீர் அதில் முதலிடம். தாய்ப்பாலில் ஃபுளோரைடு மிகச் சொற்பம். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு அந்தக் கவலை இல்லை.

பற்பசை? தண்ணீரில் ஃபுளோரைடு மிகுந்த ஊரில் துப்பத் தெரியாத குழந்தைக்கு ஃபுளோரைடு பற்பசை கொடுப்பதற்கு முன் மருத்துவரைக் கேளுங்கள். மற்ற ஊர்களில் மூன்று வயதுவரை அரிசி அளவு, ஆறு வயதுவரை பட்டாணி அளவு போதும். விளம்பரத்தில் பிரஷ் முழுக்கச் சுருட்டி வைப்பார்களே, அது பற்பசை விற்பதற்கான அளவு.

உங்கள் வீட்டுத் தண்ணீரில் எவ்வளவு இருக்கிறது என்பதை நாக்கு சொல்லாது. ஃபுளோரைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டங்களில் நீர்ப் பரிசோதனைக் கூடங்கள் இருக்கின்றன. போர் தண்ணீரைச் சிறிது நேரம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் நன்கு அலசிய ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்து, எந்த ஊர், எந்தக் கிணறு, எத்தனை அடி ஆழம், என்றைக்குப் பிடித்தது என்று எழுதி ஒட்டிக் கொண்டு போங்கள். கண்ணாடிப் பாட்டில் வேண்டாம், ஃபுளோரைடு கண்ணாடியோடு வினைபுரியும். கோடையில் ஒரு முறையும் மழைக்குப் பின் ஒரு முறையும் பார்ப்பது நல்லது. ஒரே கிணற்றில் இரண்டு கணக்கு வரும்.

(அடுத்த வாரம்: துலக்கும்போது ஈறில் ரத்தம்)