மணலுக்கடியில் ஒரு நன்னீர்த் தொட்டி

கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் மணலைத் தோண்டினால் எந்த நீர் ஊறும்? "உப்பு நீர்தான்" என்று நீங்கள் சட்டெனச் சொல்லக்கூடும். ஆனால் கடலோரக் குப்பங்களில் பிறந்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். மணல் மேட்டில் ஆழம் குறைந்த ஊற்றுக்குழி தோண்டி, குடிக்கத்தக்க நீரை மொண்டு வருவது அவர்கள் அறிந்த வழக்கம்.

திருவள்ளூர் மாவட்டத்தில், பழவேற்காடு ஏரிக்கு அப்பால் இருக்கிறது லைட்ஹவுஸ் குப்பம். ஒரு பக்கம் வங்காள விரிகுடா; மறு பக்கம் இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. இடையே ஒரு மணல் திட்டு. இரு புறமும் உப்பு நீர் சூழ்ந்திருக்க, நடுவில் நன்னீர் எங்கிருந்து வந்தது?

மழையிலிருந்துதான்! மணலில் இறங்கிய மழைநீர், கீழேயுள்ள உப்பு நீரின் மேல் மிதக்கிறது. நன்னீரின் அடர்த்தி 1.000 என்றால், கடல்நீரின் அடர்த்தி சுமார் 1.025. நடுவில் தடித்தும் ஓரங்களில் மெலிந்தும் இருப்பதால், இந்த நீர் அடுக்கை "நன்னீர் வில்லை" என்பர். 1888-இல் டச்சுப் பொறியாளர் பாடன் கைபனும், 1901-இல் ஜெர்மானியரான ஹெர்ஸ்பெர்க்கும் தனித்தனியே இதற்குக் கணக்குச் சொன்னார்கள்.

அந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். கடல் மட்டத்துக்குக் கீழே 40 மீட்டர் உயரமுள்ள கடல்நீர்த் தம்பத்தின் எடையைச் சமன் செய்ய, 41 மீட்டர் நன்னீர்த் தம்பம் வேண்டும் (40 × 1.025 = 41). அதாவது, கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நன்னீர் நின்றால், கீழே 40 மீட்டர் ஆழம் வரை நன்னீர் நிற்கும். மேலே அரை மீட்டர் என்றால், கீழே 20 மீட்டர்.

இப்போது இதைத் திருப்பிப் பாருங்கள். மோட்டார் வைத்து இறைத்து, நீர்மட்டத்தை 10 சென்டிமீட்டர் தாழ்த்திவிட்டால் என்ன ஆகும்? காலப்போக்கில் அடியிலிருந்து உப்பு நீர் 4 மீட்டர் மேலேறும்! இது ஏட்டுக் கணக்கு. குறுகிய மணல் திட்டில் இரண்டு நீரும் கலந்த அடுக்கு ஒன்றும் இடையில் இருப்பதால், நிலைமை இன்னும் நுட்பமானது. ஒருமுறை உவர்த்துவிட்ட கிணறு மீண்டும் இனிக்கப் பல மழைக்காலங்கள் ஆகலாம்.

வீட்டைப் புதுப்பிக்கும்போது

ஓலைக் குடிசை இருந்த இடத்தில் மாடி வீடு எழும்புவது மகிழ்ச்சியான செய்தி. ஆனால் அப்போது மூன்று காரியங்கள் நடக்கின்றன. முற்றம் சிமெண்டால் மூடப்படுகிறது; ஆழ்குழாய் இறங்குகிறது; கழிவறைக்குக் குழி தோண்டப்படுகிறது. மூன்றும் நன்னீர் வில்லையைத் தொடுகின்றன. முதலாவது மழை இறங்கும் வழியை அடைக்கிறது. இரண்டாவது உப்பை மேலே இழுக்கிறது. மூன்றாவது, மணல் வழியே கழிவைக் கசியவிடுகிறது.

வீட்டை அப்படியே விட்டுவிடலாமா? வேண்டாம். வீட்டையே வில்லைக்கு நீர் ஊட்டும் கருவியாக்கலாம்.

1 சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் நீர். சென்னை வட்டாரத்தில் ஓராண்டில் சராசரியாக 1,300 மில்லிமீட்டருக்குக் குறையாமல் மழை பெய்கிறது. மொட்டைமாடி 40 சதுர மீட்டர் என்றால் 52,000 லிட்டர்! ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 41,600 லிட்டர் மிஞ்சும். குடிக்கவும் சமைக்கவும் நாளொன்றுக்கு 50 லிட்டர் செலவிடும் குடும்பத்துக்கு, இது இரண்டு ஆண்டுக்கு மேல் வரும். தமிழ்நாட்டில் 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டதன் பொருள் இப்போது விளங்குகிறதல்லவா?

முதல் மழை மாடியைக் கழுவி ஓடட்டும். அடுத்து வரும் நீரை மூடிய தொட்டியில் சேர்க்கலாம். மிஞ்சியதைக் கிணற்றருகே மணலில் இறக்கலாம். முற்றத்தை மூடாமல் விடுங்கள். கழிவறைக் குழியைக் கிணற்றிலிருந்து கூடியவரை தள்ளி அமையுங்கள். இன்னொன்று: கழுவாத கடல் மணலைக் கான்கிரீட்டில் சேர்க்கக் கூடாது. உப்பு உள்ளிருக்கும் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். துரு இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால், கான்கிரீட் வெடித்து உதிரும்.

தாகம் குறைந்த தோட்டம்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை நல்ல மழை. பின்பு பல மாதங்கள் வறட்சி. இங்கே புல்தரை போட்டால் நாள்தோறும் நீர் ஊற்ற வேண்டும். அமெரிக்காவில் டென்வர் நகரக் குடிநீர்த் துறை 1981-இல் "வறள் தோட்டம்" என்ற கருத்தைப் பரப்பியது. அந்தந்த மண்ணுக்கும் மழைக்கும் ஏற்ற செடிகளை நட்டு, நீரை மிச்சப்படுத்துவதே அதன் சாரம். அத்தகைய தோட்டத்தை நம் கடற்கரையில் இயற்கை எப்போதோ போட்டுவிட்டது!

அடும்புக் கொடியைப் பாருங்கள். கணுவுக்குக் கணு வேர்விட்டு மணலைப் பிடித்து நிறுத்துகிறது. இராவணன் மீசைப் புல்லின் முள் உருண்டைகள் காற்றில் உருண்டோடுவதைத் துரத்தி விளையாடியிருப்பீர்கள். அவை விதை பரப்பும் வண்டிகள். இவ்விரண்டும் கட்டிய மணல் மேடு, மழையைத் தேக்குகிறது; சீறிவரும் அலையின் வேகத்தையும் தணிக்கிறது. "அழகு போதவில்லை" என்று மேட்டைச் சமன் செய்வது, கோட்டைச் சுவரை இடிப்பதற்குச் சமம்.

வீட்டோரத்தில் நிழலுக்குப் பூவரசு, புன்னை, புங்கம், எல்லையில் பனை, வேலியோரம் நொச்சி, பூவுக்கு நித்திய கல்யாணி, மருந்துக்குச் சோற்றுக் கற்றாழை. கற்றாழையின் தந்திரம் வியப்பானது. பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறக்கும். இது இரவில் திறந்து கரியமில வாயுவை வாங்கிச் சேமித்து, பகலில் துளைகளை மூடிக்கொண்டு உணவு தயாரிக்கிறது. வெயிலில் நீர் ஆவியாவது குறைகிறது.

கத்தரி, வெண்டை வேண்டுமென்றால்? மணலில் மட்கிய எருவைக் கலந்து, மேலே ஓலைச் சருகைப் பரப்புங்கள். பாசனத்துக்கு ஒரு மண்பானை போதும்.

செய்து பாருங்கள்

வர்ணம் பூசாத மண்பானையைக் கழுத்து வரை புதையுங்கள். சுற்றிலும் நான்கு கத்தரி நாற்று நடுங்கள். பானையில் நீர் நிரப்பி மூடி வையுங்கள். அதே அளவு நாற்றுகளுக்குத் தள்ளி ஓரிடத்தில் குவளையால் நீர் ஊற்றுங்கள். இரண்டுக்கும் செலவான நீரை ஒரு மாதம் குறித்து வாருங்கள். சுற்றியுள்ள மண் காயும்போது பானையின் நுண்துளைகள் வழியே நீர் கசியும். மண் ஈரமாக இருந்தால் கசிவு குறையும். திறப்பான் இல்லாத தானியங்கிக் குழாய்! 2,000 ஆண்டுகளுக்கு முந்தைய சீன வேளாண் நூல் ஒன்றிலும் இம்முறை சொல்லப்பட்டுள்ளது.

கடலோரத்தில் இருப்பவரானால், உங்கள் ஊர்க் கிணறுகளின் நீர்மட்டத்தைக் கயிறு விட்டு மாதமொருமுறை அளந்து எழுதுங்கள். கயிற்றில் ஒரு சாண் குறைந்தால், அடியில் நாற்பது சாண் போயிற்று என்று வீட்டிலுள்ள பெரியவர்களுக்குக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். அடுத்த மோட்டாரை இறக்குமுன் அவர்கள் நிச்சயம் யோசிப்பார்கள்.