எலும்பா, வார்ப்பா, எந்திரமா? டைனோசர் கண்காட்சிக்குக் குழந்தையை அழைத்துச் செல்லும் முன்

டைனோசர் கண்காட்சிகளில் இருப்பவற்றை நான்கு வகையாகப் பிரிக்கலாம்: மண்ணிலிருந்து எடுத்த புதைபடிவ எலும்புகள், அவற்றை அச்சில் வார்த்தெடுத்த நகல்கள், முழு உடலையும் காட்டும் சிலைகள், மோட்டாரால் அசையும் எந்திரங்கள். பிறந்தநாள் பரிசாகக் கண்காட்சி கேட்கும் குழந்தைக்கு நான்கும் ஒன்றுபோல்தான் தெரியும். எது எந்த வகை என்று பெற்றோர் சொல்லிக்கொண்டே நடந்தால், வேடிக்கை பார்க்கப் போன குழந்தை ஓர் அறிவியலின் வாசலைத் தொட்டுவிட்டு வரும்.

சிலைகளில் தொடங்கிய கதை

டைனோசர்களை முழு அளவில் மக்கள் முன் நிறுத்திய முதல் இடம் லண்டனின் கிரிஸ்டல் பேலஸ் பூங்கா. ரிச்சர்ட் ஓவன் 1842-இல் இந்த விலங்குக் கூட்டத்துக்குப் பெயர் சூட்டினார். சிற்பி பெஞ்சமின் வாட்டர்ஹவுஸ் ஹாக்கின்ஸ் செய்த சிலைகள் 1854-இல் அந்தப் பூங்காவில் நிறுவப்பட்டன. அன்று கைவசம் இருந்தவை சில எலும்புகளும் பற்களும் மட்டுமே. அதனால் இகுவானடான் என்ற டைனோசர் காண்டாமிருகத்தைப் போல் நாலு காலில் நிற்க, அதன் மூக்கின்மேல் ஒரு கொம்பும் முளைத்தது.

1878-இல் பெல்ஜியத்தின் பெர்னிசார் நிலக்கரிச் சுரங்கத்தில் இகுவானடானின் முழு எலும்புக்கூடுகள் பல கிடைத்தன. மூக்குக் கொம்பு என்று நினைத்தது உண்மையில் கைக் கட்டைவிரலின் முள் என்பது அப்போது தெளிவானது. லண்டன் பூங்காவில் பழைய சிலைகள் இன்றும் நிற்கின்றன. புதிய சான்று கிடைத்தால் பழைய முடிவை மாற்றிக்கொள்வதே அறிவியல் என்பதைக் குழந்தைக்குக் காட்ட இதைவிட எளிய சான்று இல்லை.

கல்லான எலும்பும் வார்த்த எலும்பும்

செத்த விலங்கு சேற்றிலோ மணலிலோ விரைவாக மூடப்பட்டால், நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் தாதுக்கள் எலும்பின் நுண்துளைகளில் படிந்து அதைக் கல்லாக்குகின்றன. ஆகவே உண்மையான டைனோசர் எலும்பு மிகவும் கனமானது. எளிதில் உடையவும் கூடியது. அருங்காட்சியகங்கள் வார்ப்புகளை நாடுவதற்கு இது முக்கியக் காரணம். சிகாகோ ஃபீல்டு அருங்காட்சியகத்தில் 'சூ' என்ற டைரனோசரஸின் எலும்புக்கூட்டில் வார்ப்புத் தலைதான் பொருத்தப்பட்டுள்ளது. அசல் மண்டையோடு கனமாக இருப்பதால் தனியே வைக்கப்பட்டிருக்கிறது.

லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகள் அண்ணாந்து பார்த்த 'டிப்பி' முழுக்க முழுக்க ஒரு வார்ப்பு. அமெரிக்காவில் கிடைத்த டிப்ளோடோகஸ் எலும்புகளை அச்செடுத்து, ஆண்ட்ரூ கார்னகி 1905-இல் அதைப் பரிசாகக் கொடுத்தார். வார்ப்பு என்பதால் அதன் மதிப்பு குறைவதில்லை. அசல் எலும்பின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் அதில் உண்டு.

உறுமும் எந்திரங்கள்

நகரம் நகரமாகச் செல்லும் கண்காட்சிகளில் கூட்டத்தை ஈர்ப்பவை எந்திர டைனோசர்களே. இரும்புச் சட்டம், மூட்டுகளை அசைக்கும் மோட்டார்கள், மேலே நுரைப்பஞ்சு, அதன்மேல் வண்ணம் பூசிய ரப்பர் அல்லது சிலிகான் தோல்: இதுவே அவற்றின் உடற்கூறு. பலவற்றில் ஆள் அருகே வந்ததும் அசைவைத் தொடங்கும் உணர்கருவி இருக்கும்.

உருவமும் அளவும் எலும்பை ஒட்டி அமைந்தாலும், உறுமல் கற்பனைதான். குரல் எழுப்பும் மென்மையான உறுப்புகள் புதைபடிவமாவது மிக அரிது. டைனோசர்களின் நெருங்கிய உறவுகளான முதலைகளையும், டைனோசர்களின் வழித்தோன்றல்களான பறவைகளையும் வைத்துப் பார்த்தால், சில இனங்கள் வாயை மூடியபடி ஆழ்ந்த ஒலி எழுப்பியிருக்கக்கூடும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

தோலையும் கவனிக்க வேண்டும். 1996-இல் சீனாவில் இறகுத் தடங்களோடு கிடைத்த சைனோசாரோப்டெரிக்ஸ் பல இனங்களின் தோற்றத்தையே மாற்றி எழுத வைத்தது. வெலோசிராப்டருக்கும் இறகு இருந்தது. உடல் அளவில் அது ஏறக்குறைய வான்கோழிதான். ஆள் உயரத்தில் செதிலோடு நிற்கும் வெலோசிராப்டர், திரைப்படத்திலிருந்து வந்தது.

நம் நாட்டு டைனோசர்கள்

கண்காட்சி அரங்குகளை ஆள்பவை அமெரிக்க இனங்கள். இந்தியக் குழந்தைக்கு இந்திய டைனோசர்களையும் அறிமுகப்படுத்துவது பெற்றோரின் கடமை என்றே சொல்லலாம். 1828-இல் ஜபல்பூரில் ஸ்லீமன் என்ற ஆங்கிலேய அதிகாரி எலும்புகளைக் கண்டெடுத்தார். டைனோசர் என்ற பெயரே அன்று பிறக்கவில்லை.

கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் நிலவியல் அருங்காட்சியகத்தில் பாரபாசாரஸ் டாகோரை என்ற டைனோசர் நிற்கிறது. கோதாவரிப் படுகையில் ஏறத்தாழ 300 எலும்புகள், குறைந்தது ஆறு விலங்குகளுக்கு உரியவை, தோண்டி எடுக்கப்பட்டன. ரவீந்திரநாத் தாகூரின் நினைவாக 1975-இல் பெயர் சூட்டப்பட்டு, 1977-இல் எலும்புக்கூடு நிறுத்தப்பட்டது. மண்டையோடு கிடைக்கவே இல்லை. சில பற்கள் மட்டும் கிடைத்தன. எனவே அதன் தலை ஊகித்துச் செய்யப்பட்டது.

குஜராத்தின் பாலாசினோர் அருகே உள்ள ரையோலியில் 1980-களின் தொடக்கத்தில் எலும்புகளும் முட்டைகளும் வெளிப்பட்டன. தலையில் குட்டையான கொம்பு கொண்ட ராஜசாரஸ் என்ற ஊனுண்ணி 2003-இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. இன்று அங்கே புதைபடிவப் பூங்காவும் 2019-இல் திறந்த அருங்காட்சியகமும் உள்ளன. முட்டைகள் பாறையில் கிடந்த இடத்திலேயே கிடப்பதைக் காண்பது, எந்த எந்திரமும் தர முடியாத அனுபவம். குஜராத்திலேயே டோலி டுங்ரி என்ற இடத்தில் டைனோசர் கூட்டுக்குள் சுருண்டபடி கல்லான ஒரு பாம்பு கிடைத்தது. சுமார் மூன்றரை மீட்டர் நீளமுள்ள அந்தப் பாம்பின் அருகே முட்டைகளும், முட்டையிலிருந்து வெளிவந்த ஒரு குஞ்சின் எலும்புகளும் இருந்தன.

தமிழகத்தில் அரியலூர் வட்டாரம், டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்தில் கடலடியில் இருந்தது. சிமெண்ட் ஆலைகளுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டும் சுரங்கங்களில் சுருள் ஓடு கொண்ட அம்மோனைட்டுகளும் சிப்பிகளும் கிடைக்கின்றன. கல்லமேட்டில் கிடைத்த பிரமாண்டமான எலும்புகளை வைத்து 1987-இல் புருஹத்காயோசாரஸ் என்ற இனம் விவரிக்கப்பட்டது. அந்த எலும்புகள் உளுத்து நொறுங்கிப்போய்விட்டதால், அதன் அளவு பற்றிய விவாதம் இன்றும் முடியவில்லை. அரியலூரை அடுத்த வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகமும், பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரமும் உள்ளன. ஒரே நாளில் இரண்டையும் பார்த்துவிடலாம்.

குடும்பமாகச் செல்லும்போது

எந்திர அரங்குகளில் இருட்டும் இரைச்சலும் அதிகம். மூன்று நான்கு வயதுக் குழந்தைகள் அஞ்சி அழுவது இயல்பு. அசைவது பொம்மை என்று முன்பே சொல்லி வைப்பதும், கூட்டம் சேரும் முன் காலையிலேயே போய்விடுவதும் நல்லது. உள்ளே போனதும் பெயர்ப்பலகையில் மூன்று விவரங்களைத் தேடலாம்: அசலா வார்ப்பா, எந்த நாட்டில் கிடைத்தது, எத்தனை கோடி ஆண்டு பழையது. மூன்றாவது விவரம் மிக முக்கியம். ஸ்டெகோசாரஸ் வாழ்ந்தது சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன். டைரனோசரஸ் வாழ்ந்தது 7 கோடி ஆண்டுகளுக்கும் குறைவான காலத்துக்கு முன். அரங்கில் அருகருகே நின்றாலும் இரண்டும் ஒன்றையொன்று சந்தித்ததே இல்லை. வீடு திரும்பியபின் குழந்தை வரையும் படத்தில் இறகு இருக்கிறதா, வால் தரையில் படாமல் உயர்ந்து நிற்கிறதா என்று பார்த்தால், சொன்னதில் எவ்வளவு மனதில் பதிந்தது என்று தெரிந்துவிடும்.