மூடிமேல் வைத்த குழவி

காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் இட்லிக்குக் குழித்தட்டு கிடையாது. மூங்கில் குடலையில் மந்தாரை இலை விரித்து, மிளகும் சீரகமும் சுக்கும் சேர்த்த மாவை ஊற்றி, மணிக்கணக்கில் ஆவியில் வேகவைப்பார்கள். அடியில் தீ, அதன்மேல் தண்ணீர், நடுவில் குடலை, மேலே மூடி. ஆவி மாவுக்குள் ஏறி, மூடியின் இடுக்கு வழியே வெளியேறிக்கொண்டே இருக்க வேண்டும். வழி அடைபட்டால் மூடி தடதடக்கும். கைப்பழக்கம் உள்ளவர் மூடியைச் சற்று நகர்த்துவார், ஒரு விறகை வெளியே இழுப்பார். சத்தம் பொறுக்காதவர் அம்மிக் குழவியைத் தூக்கி மேலே வைப்பார். சத்தம் நிற்கும், கொதி நிற்காது.

ஒரு குறை கலவரமாவதும் இப்படித்தான்.

1965இல் தீ எரிந்தது டெல்லியில். ஜனவரி 26 முதல் இந்தி மத்திய அரசின் முதன்மை ஆட்சிமொழி. ஆங்கிலமும் தொடரும் என்று உறுதி சொன்ன நேரு முந்தைய ஆண்டு மே மாதமே மறைந்துவிட்டார். இனி மத்திய அரசு வேலை நமக்கு எட்டுமா என்று மாணவர்கள் கொதித்தார்கள். மூடி மட்டும் சென்னைக் கோட்டையில், முதலமைச்சர் பக்தவத்சலம் கையில். தீ மூட்டியவர் அவரல்லர். ஆனால் 1964 மார்ச்சில் சட்டமன்றத்தில் மும்மொழித் திட்டத்தைப் பரிந்துரைத்து, தம் பங்குக்கு ஒரு விறகைச் செருகியிருந்தார்.

ஜனவரி கடைசியில் சென்னைக் கல்லூரி மாணவர்கள் நேப்பியர் பூங்காவிலிருந்து கோட்டைக்கு ஊர்வலமாகப் போனார்கள், கையில் மனுவோடு. முதலமைச்சர் அவர்களைப் பார்க்க மறுத்துவிட்டார். மனுவை வாங்கி மேசையில் போட்டிருந்தால்கூட இடுக்கு திறந்திருக்கும்! அதே வேளையில் திமுக தலைவர் அண்ணாதுரையும் கட்சியினர் ஆயிரக்கணக்கானோரும் முன்னெச்சரிக்கையாகக் கைது. கூட்டத்தை அமர்த்தக்கூடியவர்கள் சிறைக்குள், கூட்டம் தெருவில். ஜனவரி 25 அன்று மதுரையில் மோதல் வெடித்தது. இரண்டு நாளில் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். பிறகு ராணுவம் வந்தது. அரசுக் கணக்கிலேயே சுமார் 70 பேர் மாண்டார்கள்.

விறகை இழுத்தது கடைசியில் டெல்லிதான். மத்திய அமைச்சர்கள் சி.சுப்பிரமணியமும் ஓ.வி.அளகேசனும் பதவி விலக முன்வந்த பிறகு, பிப்ரவரி 11 இரவு பிரதமர் சாஸ்திரி வானொலியில் பேசி நேருவின் உறுதியைக் காப்பதாகச் சொன்னார். அடுத்த நாளே மாணவர்கள் போராட்டத்தைத் தள்ளிவைத்தார்கள். ஜனவரியில் சொல்லியிருக்கக்கூடிய வார்த்தைகள்தான் அவை.

1967 தேர்தலில் இந்தக் கோபத்தோடு அரிசித் தட்டுப்பாடும் சேர்ந்துகொண்டது. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்திலுள்ள ஸ்ரீபெரும்புதூரில் பக்தவத்சலமே தோற்றார். 1962இல் சொந்த ஊரான காஞ்சிபுரத்தில் தோற்றிருந்த அண்ணாதுரை, மார்ச் 6 அன்று முதலமைச்சரானார்.