காடு கப்பலான தெரு

இங்கிலாந்தின் தென்கரையில், நியூ ஃபாரஸ்ட் வட்டாரத்தில் ஓடும் பியூலி ஆற்றின் கரையில் இருக்கிறது பக்லர்ஸ் ஹார்ட். ஊரே ஒரு தெருதான். எதிரெதிரே இரண்டு வரிசைச் செங்கல் வீடுகள். நடுவே ஆறுவரை சரிந்து இறங்கும் புல்தரை. இத்தனை சின்ன ஊருக்கு எதற்கு இவ்வளவு அகலத் தெரு? பின்னாளில் வெட்டி வந்த ஓக் மரங்களை அடுக்கவும், துறைக்கு உருட்டிப் போகவும் அது உதவியது.

மேற்கிந்தியத் தீவுகளின் சர்க்கரையை இறக்குவதற்கென்று 1720-களில் மான்டேகு பிரபு தொடங்கிய ஊர் இது. தீவுகளைக் குடியேற்றமாக்க அவர் அனுப்பிய கப்பல்கள் தோற்றுத் திரும்பின. அந்தக் காலத்துச் சர்க்கரை அடிமைகள் சிந்திய ரத்தத்தில் விளைந்தது. இந்த அழகான தெருவில் நடக்கிறவர்கள் அதையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

சர்க்கரை வராவிட்டால் என்ன, ஆறு இருந்தது. பக்கத்திலேயே காடு இருந்தது. போர்ட்ஸ்மத் கடற்படைத் தளமும் தொலைவில் இல்லை. ஹென்றி ஆடம்ஸ் என்ற தலைமைக் கப்பல் தச்சரின் காலத்தில் இங்கே போர்க்கப்பல்கள் உருவாயின. 64 பீரங்கிகள் கொண்ட 'அகமெம்னான்' கப்பலுக்கு மட்டும் சுமார் 2,000 ஓக் மரங்கள் விழுந்தன. நேர்மரம் மட்டும் போதாது. கப்பலின் விலாவுக்கும் மூலைத் தாங்கிகளுக்கும் இயற்கையாகவே வளைந்த கிளை வேண்டும்; அப்போதுதான் மரத்தின் ரேகை வளைவோடு ஓடும், பாரம் தாங்கும். நிற்கிற மரத்திலேயே கப்பலின் உறுப்பைக் கண்டுகொள்ளும் கண் அந்தத் தச்சர்களுக்கு இருந்தது.

1781-இல் நீரில் இறங்கிய அகமெம்னான், பாய்மரமும் பீரங்கியும் பொருத்திக்கொள்ள போர்ட்ஸ்மத் போனது. 1793-இல் அதன் தலைமையை ஏற்ற பிரிட்டிஷ் கடற்படை வீரர் நெல்சனுக்கு அதன்மேல் தனிப் பிரியம். மாலுமிகளோ வாயில் நுழையாத பெயரை 'எக்ஸ் அண்ட் பேக்கன்' (முட்டையும் பன்றியிறைச்சியும்) ஆக்கிவிட்டார்கள். 1805 டிரஃபால்கர் கடற்போரில் அகமெம்னான், யூரியாலஸ், ஸ்விஃப்ட்ஷர் என்று இந்த ஆற்றங்கரையில் பிறந்த மூன்று கப்பல்கள் நின்றன. அதே ஆண்டில் ஆடம்ஸும் தம் 92-ஆம் வயதில் காலமானார். அவர் வீடு இன்று தங்கும் விடுதி.

1963-இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தில் 1803-இல் ஊர் இருந்த கோலத்தைச் சிறு மாதிரியாகச் செய்து வைத்திருக்கிறார்கள். கப்பல் மாதிரிகளும் நெல்சன் நினைவுகளும் உண்டு. என்னைக் கேட்டால், முதலில் பார்க்க வேண்டியவை அந்நாளைய கோலத்திலேயே காட்டப்படும் தச்சர் வீடும் கூலித் தொழிலாளி வீடும்தான். கப்பலில் போனவர்களுக்குச் சிலைகள் உண்டு. கட்டியவர்களுக்கு இந்த வீடுகள்தான் உண்டு.

லண்டன் வாட்டர்லூவிலிருந்து ரயிலில் பிராக்கன்ஹர்ஸ்ட் வந்து, அங்கிருந்து டாக்ஸியில் போகலாம். நடக்கத் தெம்பிருந்தால் வழியில் பியூலி கிராமத்திலேயே டாக்ஸியை விட்டு இறங்கிக்கொள்ளுங்கள். ஆற்றோரப் பாதையில் மூன்று கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான்.