லெட்ஜரிலிருந்து திரைக்கு

சேமிப்புக் கணக்குகளுக்கு அரையாண்டு வட்டி போடும் மாதம் வந்துவிட்டால், கணினி வராத அன்றைய வங்கிக் கிளைகளில் விளக்கு அணைய நேரமாகும். ஒவ்வொரு கணக்கிலும் மாதத்தின் 10-ஆம் தேதிக்கும் கடைசி நாளுக்கும் இடையில் இருந்த மிகக் குறைந்த இருப்பைத் தேடி எடுக்க வேண்டும். ஆறு மாதத்துக்கும் அப்படி எடுத்துக் கூட்டி, வட்டி கண்டு, லெட்ஜரில் ஏற்ற வேண்டும். இன்னொருவர் சரிபார்ப்பார். 11-ஆம் தேதி பணம் கட்டியவருக்கு அந்தப் பணத்துக்கு அந்த மாத வட்டி கிடையாது. 2010 ஏப்ரல் 1 முதல் அன்றாட இருப்புக்கே வட்டி கணக்காகிறது. கிளைகள் கணினிமயமானதால்தான் ரிசர்வ் வங்கியால் அதைக் கட்டாயமாக்க முடிந்தது. சிறுகச் சிறுகச் சேர்க்கிறவருக்கு இது நியாயமான லாபம்.

அன்று புதிதாகச் சேர்ந்த எழுத்தருக்குப் பக்கத்து மேசை மூத்தவர்தான் ஆசான். கணக்கு டேலி ஆகவில்லையா, வித்தியாசத்தை 9-ஆல் வகுத்துப் பார் என்பார். மிச்சமின்றி வகுபட்டால், 54-ஐ 45 என்று யாரோ இடம் மாற்றி எழுதியிருக்கக்கூடும். எந்தச் சுற்றறிக்கையையும் புரட்டாமல் கைமாறிய அறிவு அது.

கணினி எளிதாக நுழைந்துவிடவில்லை. வேலை போய்விடுமோ என்ற அச்சம் உண்மையானது. 1983-லும் 1993-லும் தொழிற்சங்கங்களோடு ஒப்பந்தம் போட்ட பிறகே வழி திறந்தது. சில நாள் பயிற்சி முடித்துத் திரும்பியவர்கள், லெட்ஜரையும் இயந்திரத்தையும் கொஞ்ச காலம் சேர்த்தே நடத்தினார்கள். இரட்டை வேலைதான். ஆனால், இரண்டு தொகைகளும் ஒத்துப்போகாதபோது ஏன் என்று தேடியதில்தான் அவர்கள் கணினியைக் கற்றார்கள் என்பேன். 2000-01-இல் பொதுத்துறை வங்கிகளிலிருந்து சுமார் ஒரு லட்சம் பேர் விருப்ப ஓய்வில் போனார்கள். கிளைகளையெல்லாம் ஒரே வலையில் கோக்கும் கோர் பேங்கிங் பரவத் தொடங்கிய நேரம் அது.

இன்று பாடம் திரையில் வருகிறது. காணொளி, கேள்வித்தாள், சான்றிதழ். தலைமை அலுவலகத்தில் மாறிய விதி, கடைக்கோடிக் கிளைக்கும் அன்றே போய்ச் சேர்கிறது. இது பழைய முறையால் ஒருநாளும் முடிந்திராது. ஆனால் அந்தப் பாடத்தை, வரிசையில் வாடிக்கையாளர் நிற்கும்போதோ வீட்டில் இரவிலோ முடிக்க வேண்டியிருக்கிறது. கடைசிப் பக்கம் வரை தட்டிவிட்டால் சான்றிதழ் வந்துவிடும். 2016-இல் யுபிஐ வந்தது. அதில் அனுப்பிய பணம் கணக்கிலிருந்து போய்விட்டது, பெறுபவருக்குச் சேரவில்லை என்று கவுன்டரில் தவிக்கும் பெரியவருக்கு அந்தச் சான்றிதழ் பதில் சொல்லாது. பணம் எங்கே நிற்கிறது என்று புரிந்த ஊழியர்தான் சொல்ல முடியும்.

வங்கி நிர்வாகங்கள் பயிற்சிக்கென்று அலுவல் நேரத்திலேயே வாரம் ஒரு மணி ஒதுக்கட்டும். ஓய்வுபெறப் போகிறவரைக் கடைசி ஆறு மாதம் புதியவர் பக்கத்தில் உட்கார வைக்கட்டும். மென்பொருளுக்குக் கொட்டும் கோடிகளைப் பார்க்கையில், இதற்கு ஆகும் செலவு சொற்பம்.