'யீ' இல்லை, 'தி'

லண்டன் ஃப்ளீட் தெருவில் 'யீ ஓல்ட் செஷயர் சீஸ்' என்றொரு மதுக்கூடம் இருக்கிறது. 1666-ல் நகரம் தீப்பற்றி எரிந்ததற்கு மறுவருடம் திரும்பக் கட்டியது. பலகையின் படத்தை அனுப்பி, "முதலில் இருக்கும் ஒய்-இ என்ன சொல், எப்படிச் சொல்வது?" என்று கேட்டிருக்கிறார் வாசகர் ஒருவர்.

'தி' என்றுதான். 'அது' என்கிறபோது வருமே, அந்த மெல்லிய தகரம். பலகையில் ஒய் வேஷம் கட்டி நிற்பது வேறோர் எழுத்து.

பழைய ஆங்கிலத்தில் இந்த ஒலிக்கென்றே தார்ன் என்ற எழுத்து இருந்தது. ரோமானிய நெடுங்கணக்கில் இல்லாததால் ரூன் எழுத்துகளிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். செங்குத்தாக ஒரு கோடு, நடுவில் வலப்பக்கம் சின்னத் தொப்பை. கையால் எழுதி எழுதித் தொப்பையின் மேல்வாய் திறந்துகொள்ள, சில வட்டாரங்களில் தார்னுக்கும் ஒய்க்கும் வித்தியாசமே தெரியாமல் போனது. 1476-ல் வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் வைத்தார். தொழிலும் அச்செழுத்துகளும் கடல் தாண்டி ஐரோப்பாவிலிருந்து வந்தவை; அங்கே தார்ன் யாருக்கு வேண்டும்? அச்சுக் கோப்பவர்கள் பெரும்பாலும் டி, ஹெச் இரண்டையும் சேர்த்துக் கோத்தார்கள். வரியில் இடம் இடித்தால் ஒய்யைப் போட்டு, அதன் தலைமேல் பொடி இ ஒன்றை ஏற்றினார்கள். 1611-ல் வந்த ஜேம்ஸ் மன்னர் பைபிளில்கூட அங்கங்கே இதைக் காணலாம். நான் தட்டச்சு பழகிய பழைய இயந்திரத்தில் 1-க்கு விசை கிடையாது. சின்ன 'எல்' எழுத்தைத் தட்டுவோம். தேதியைப் படித்த யாரும் அதை எல் என்று வாசித்ததில்லை. அன்றைய ஆங்கிலேயரும் அப்படியே ஒய்யைப் பார்த்து 'தி' என்றார்கள்.

தார்ன் மறந்துபோன பிறகுதான் வினை. (ஐஸ்லாந்துக்காரர்கள் மட்டும் இன்றுவரை அதைக் கைவிடவில்லை.) பழமைக்கு மவுசு கூடிய 19-ம் நூற்றாண்டில் வியாபாரிகள் ஒய்-இயைத் தூசு தட்டிப் பலகையில் ஏற்ற, ஜனங்கள் 'யீ' என்று வாசித்தார்கள். 'நீங்கள்' என்ற பொருளில் 'யீ' என்றே ஒரு பழைய சொல் உண்டு. குழப்பத்துக்கு அதுவும் கைகொடுத்தது. போன மாதம் திறந்த கடைக்கும் இன்று இதே பலகைதான். பழமையை விற்றுக் காசு பார்ப்பவர்கள் அதன் பெயரையாவது சரியாகச் சொல்லக் கூடாதா?

'ஓல்ட்' கடைசியில் தொங்கும் இ-யைக் கேலி செய்யத்தான் மனம் வரவில்லை. ஆங்கிலக் கவிஞர் சாசர் காலத்து இலக்கணப்படி, 'தி'க்குப் பின்னால் வரும் 'ஓல்ட்' அந்த இ-யை ஏற்றாக வேண்டும். 'ஓல்ட' என்று அதை உச்சரிக்கவும் செய்தார்கள்.