தரையிலிருந்து எழும் பிள்ளை

திருப்பலியில் தரையில் அமர்ந்திருக்கும் சிறுவர், நற்செய்தி வாசகத்துக்குத் துள்ளி எழுவதைக் கண்டிருப்பீர்கள். மூன்று வயது கடந்த சிறுவன் ஒருவன் மட்டும் குப்புறத் திரும்பி, கைகளை ஊன்றி, தன் தொடைகளையே பற்றி ஏறுவதுபோல் நிமிர்வானாயின், சோம்பேறி எனக் கடிந்துகொள்ளாதீர்கள்.

"என் கையைத் தள்ளு, காலை உயர்த்து" எனப் பணித்துத் தசை வலிமையை அளக்கும் முறைக்குச் சிறு பிள்ளைகள் எளிதில் இணங்குவதில்லை. ஆகவே மருத்துவர் அவர்களை ஓடவும், குதிக்கவும், படியேறவும், தரையிலிருந்து எழவும் விட்டுக் கவனிப்பார். தொடையில் கையூன்றி எழும் அடையாளத்தை இலண்டன் மருத்துவர் கவர்ஸ் 1879-இல் விளக்கினார். இடுப்பிலும் தொடையிலும் தசைகள் தளர்ந்துள்ளதை அது காட்டும். பெரும்பாலும் ஆண்பிள்ளைகளுக்கு வரும் டுஷேன் தசைச் சிதைவு நோய் அதற்கு ஒரு காரணம். கெண்டைக்கால் பருத்தல், அடிக்கடி விழுதல், நுனிக்காலில் நடத்தல் ஆகியனவும் உடனிருக்கலாம். ஐயம் எழுந்தால் முதலில் இரத்தப் பரிசோதனை செய்வர்.

இந்நோயை முற்றிலும் நீக்கும் மருந்து இன்னும் இல்லை. எனினும் காலத்தே கண்டறிந்தால், பிள்ளை நடக்கும் ஆண்டுகளை மருந்தாலும் பயிற்சியாலும் நீட்டிக்கலாம்.

அன்பார்ந்த பெற்றோரே, இது மரபணுவில் நேர்ந்த குறை; எவருடைய பாவத்துக்கும் தண்டனை அன்று. பிறவிக் குருடனைக் குறித்து ஆண்டவர் அளித்த விடையை நினைவுகூர்ந்து, தயங்காமல் மருத்துவரை நாடுங்கள்.